தொலைநோக்கிகள் எல்லாம் ஏன் சிலிக்குப் போகின்றன?

சமீப வருடங்களில் வந்த பெரிய வானியல் செய்திகளில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். 2016-ல் நம் பக்கத்து விண்மீனான பிராக்சிமா சென்டாரியைச் சுற்றி ஒரு கோள் இருப்பது தெரிந்தது. 2019-ல் கருந்துளையின் முதல் படம் வந்தது. 2020-ல், நம் பால்வீதியின் நடுவே மிகப் பெரிய கருந்துளை ஒன்று உட்கார்ந்திருப்பதைக் காட்டியதற்காக ரைன்ஹார்ட் கென்செலுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 2025 ஜூனில் வேரா ரூபின் ஆய்வகத்தின் முதல் படங்கள் வெளியாயின. செய்தியை முழுக்கப் படித்தால் எங்காவது ஓர் இடத்தில் 'சிலி நாட்டில் உள்ள தொலைநோக்கி' என்று வந்துவிடும். கருந்துளைப் படத்துக்காகச் சேர்ந்து வேலை செய்த எட்டுத் தொலைநோக்கிகளில் இரண்டு அங்கேதான் இருக்கின்றன.

சிலி தென் அமெரிக்காவின் மேற்கு ஓரத்தில் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளமாக, ஒல்லியாகக் கிடக்கும் நாடு. மக்கள்தொகை இரண்டு கோடிக்கும் கீழே. விண்வெளிக்கு ராக்கெட் அனுப்பும் நாடு கிடையாது, இந்தத் தொலைநோக்கிகளுக்கான பணமும் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்ததுதான். ஆனாலும் உலகத்தில் தரையிலிருந்து வானத்தைப் பார்க்கும் திறனில் சுமார் 40 சதவீதம் சிலியில் இருப்பதாக வானியல் வட்டாரத்தில் சொல்வார்கள். இப்போது கட்டிக்கொண்டிருப்பவையும் வேலைக்கு வந்துவிட்டால் அது பாதியைத் தாண்டும் என்கிறார்கள்.

அங்கே நல்ல வானம் இருக்கிறது, அதனால் போனார்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். அது பாதி பதில்தான். அந்த வானம் பல லட்சம் வருடங்களாக அங்கேயே இருக்கிறது, தொலைநோக்கிகள் குவிந்தது கடந்த அறுபது வருடங்களில்தான். யார் கூப்பிட்டார்கள், நிலத்தை யார் கொடுத்தார்கள், கொடுத்தவர்கள் பதிலுக்கு என்ன கேட்டார்கள் என்பதில் மீதிப் பாதி இருக்கிறது, என்னைக் கேட்டால் அதுதான் கூடுதல் சுவாரசியம். சரி, முதலில் வானத்தைப் பார்த்துவிடுவோம்.

மேகம் ஏன் மேலே ஏறுவதில்லை

வட சிலியில் அட்டகாமா என்ற பாலைவனம் இருக்கிறது. துருவப் பகுதிகளைத் தவிர்த்துப் பார்த்தால் பூமியில் இதைவிட வறண்ட இடம் இல்லை. அதுவும் பசிபிக் பெருங்கடலை ஒட்டியே இருக்கிறது என்பதுதான் ஆச்சரியம். இவ்வளவு பெரிய கடல் பக்கத்தில் இருந்தும் மழை இல்லாமல் போனதற்கு ஒன்றோடொன்று சேர்ந்துகொண்ட மூன்று காரணங்கள் உண்டு.

பூமத்திய ரேகைப் பக்கம் சூடாகி மேலே எழும் காற்று, தன் ஈரத்தை அங்கேயே மழையாகக் கொட்டிவிட்டு, வடக்கிலும் தெற்கிலும் நகர்ந்து 30 டிகிரி அட்சரேகைக்கு அருகில் கீழே இறங்குகிறது. இறங்கும் காற்று சூடாகும், மேகம் உருவாக விடாது. சகாரா உட்படப் பல பெரிய பாலைவனங்கள் இந்த வரிசையில் இருப்பதற்கு இதுவே காரணம். அட்டகாமாவும் அந்த வரிசையில்தான் வருகிறது. இரண்டாவது, கிழக்கில் ஆண்டெஸ் மலைத்தொடர் மதில் போல நிற்கிறது, அமேசான் காடுகளின் ஈரக் காற்று அதைத் தாண்டி வருவதில்லை. மூன்றாவது காரணம் கடலுக்குள் இருக்கிறது. ஹம்போல்ட் நீரோட்டம் தெற்கிலிருந்து குளிர்ந்த நீரைக் கரையோரமாகவே வடக்கே கொண்டுவருகிறது. குளிர்ந்த நீர் தன் மேலுள்ள காற்றையும் குளிரவைக்கிறது, குளிர்ந்த காற்று கனமாகக் கீழே தங்கிவிடுகிறது, அதற்கு மேலே சூடான காற்று அடுக்கு படிந்துவிடுகிறது. வழக்கமாக மேலே போகப் போகக் குளிரும் அல்லவா, இங்கே சில நூறு மீட்டருக்கு அது தலைகீழாகிவிடுகிறது. கடலிலிருந்து எழும் ஈரம் அந்தச் சூடான அடுக்கைத் தாண்ட முடியாமல் சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்துக்குள் அடர்ந்த மூடுபனியாகக் கிடக்கிறது. உள்ளூரில் அதற்குக் கமன்சாகா என்று பெயர்.

இதனால் தொலைநோக்கிக்கு என்ன லாபம் என்றால், 2,000 மீட்டருக்கு மேலே ஒரு மலையுச்சி கிடைத்துவிட்டால் போதும், மேகம் எல்லாம் உங்களுக்குக் கீழே போய்விடும். பரனால் என்ற மலை கடற்கரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டரில் இருக்கிறது, உயரம் 2,635 மீட்டர். அங்கிருந்து மேற்கே பார்த்தால் கடல் தெரிவதைவிடக் கடலை மூடிய மேகம்தான் அதிகம் தெரியும். தலைக்கு மேலே வருடத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட இரவுகள் துல்லியமாகத் திறந்திருக்கும்.

ஆனால் மேகம் இல்லாத இடம் உலகத்தில் வேறு பல உண்டு. வானியலாளர்களுக்கு அதைவிட அரிதான ஒன்று தேவைப்படுகிறது, அசையாத காற்று. ஓடும் ஆற்றின் அடியில் கிடக்கும் கூழாங்கல்லை மேலிருந்து பார்த்தால் அதன் உருவம் நெளிந்துகொண்டே இருக்கும், கல் அசைவதில்லை, நடுவில் இருக்கும் தண்ணீர்தான் அசைகிறது. விண்மீன் மினுக்குவதும் இப்படித்தான், வெப்பம் மாறி மாறி இருக்கும் காற்றுக் குமிழ்களுக்குள் ஒளி புகுந்து வரும்போது வளைந்து வளைந்து வருகிறது. கண்ணுக்கு அது அழகு. தொலைநோக்கிக்கோ புள்ளியாக விழவேண்டிய ஒளி கலங்கிப்போய் ஒரு திட்டாக விழுகிறது. அந்தத் திட்டு எவ்வளவு சிறியது என்பதுதான் ஓர் இடத்தின் தரம். ஒரு டிகிரியை 3,600 துண்டாக வெட்டினால் வரும் ஒரு துண்டை விகலை என்பார்கள். முழுநிலா சுமார் 1,800 விகலை அகலம். சாதாரண ஊர்களில் திட்டு இரண்டு மூன்று விகலைக்குப் பரவிவிடும், பரனாலில் பாதி இரவுகளில் அது 0.7 விகலைக்கும் கீழேதான். பசிபிக்கின் தட்டையான பரப்பின் மேல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தடையே இல்லாமல் வரும் காற்று, கரையோர மலையைத் தொடும்போதும் அதிகம் கலையாமல் வழுக்கிக்கொண்டு போய்விடுவதுதான் காரணம்.

அப்புறம் ஈரப்பதம். கண்ணால் காணும் ஒளிக்கு அது கொஞ்சம் தொந்தரவு, ஆனால் மில்லிமீட்டர் அளவு அலைநீளமுள்ள ரேடியோ அலைகளைக் காற்றிலுள்ள நீராவி விழுங்கியே விடும். விண்மீன்கள் பிறக்கும் குளிர்ந்த வாயு மேகங்கள் பேசுவது இந்த அலைவரிசையில்தான். அதனால்தான் ஆல்மா என்ற ரேடியோ தொலைநோக்கித் தொகுதியை சாஹ்நாந்தோர் என்ற சமவெளியில், சுமார் 5,000 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். மொத்தம் 66 கிண்ணங்கள், ஒவ்வொன்றும் 12 அல்லது 7 மீட்டர் அகலம், எல்லாம் சேர்ந்து ஒரே தொலைநோக்கி போல வேலை செய்யும். ஒரு பெரிய கிண்ணத்தின் எடை நூறு டன் அளவில் இருக்கும், அவற்றைத் தூக்கி இடம் மாற்றுவதற்கென்றே இரண்டு ராட்சத வண்டிகள் செய்து வைத்திருக்கிறார்கள். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். அதனால் இயக்குபவர்கள் 2,900 மீட்டரில் உள்ள முகாமில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள், மேலே போகிறவர்கள் ஆக்சிஜனோடு போகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு, பூகோளம் கொடுத்த பரிசு. நம் பால்வீதியின் மையம் தனுசு ராசிப் பக்கம் இருக்கிறது, ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் பார்த்தால் அது தெற்கு அடிவானத்தை ஒட்டியே ஊர்ந்து மறைந்துவிடும், சிலியிலோ கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே போகும். நமக்குத் தெரிந்த அகத்தியர் நட்சத்திரத்தை வைத்தும் சொல்லலாம். சென்னையிலிருந்து குளிர்கால இரவுகளில் தெற்கே கைக்கெட்டும் உயரத்தில் தெரிகிறதே, அது பரனாலில் வானத்தின் மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்கு ஏறும். அதற்கும் தெற்கே இருப்பவை மெகல்லன் மேகங்கள், நம் பால்வீதியின் துணை விண்மீன் மண்டலங்கள். நம் ஊரில் அவற்றை அடிவானப் புழுதிக்குள் தேடவேண்டும், அங்கே சும்மா தலையை நிமிர்த்தினால் போதும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உலகத்தின் பெரிய தொலைநோக்கிகள் பெரும்பாலும் வடக்கே இருந்ததால், இந்தத் தெற்கு வானம் பாதி படிக்காத பாடமாகவே கிடந்தது.

கழுதை மேல் போன தொலைநோக்கி

சிலியில் வானியலுக்கு விதை போட்டது 1849. ஜேம்ஸ் கில்லிஸ் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி, சூரியனிலிருந்து பூமியின் தூரத்தை அளக்கும் திட்டத்தோடு சாண்டியாகோ நகரத்துக்கு வந்து, ஊர் நடுவில் இருக்கும் சாந்தா லூசியா குன்றின் மேல் ஓர் ஆய்வகம் அமைத்தார். அவர் கிளம்பும்போது சிலி அரசு அந்தக் கருவிகளை விலைக்கு வாங்கிக்கொண்டு 1852-ல் தேசிய வானாய்வகத்தைத் தொடங்கியது. வெளிநாட்டவர் கொண்டுவந்ததைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும் பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது. 1903-ல் கலிஃபோர்னியாவின் லிக் ஆய்வகமும் சாண்டியாகோவில் ஒரு தொலைநோக்கியை நிறுவியது. ஆனால் இவை எல்லாம் தலைநகரத்தை ஒட்டியவை. வடக்கே இருந்த மலைகளை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

மாற்றம் வந்தது ஒரு தனி மனிதரின் பயணத்தால். 1958-ல் தேசிய வானாய்வகத்தின் இயக்குநர் ஃபெதெரிகோ ருட்லாண்ட் அமெரிக்காவுக்குப் போய், எங்கள் நாட்டுக்கு வந்து தொலைநோக்கி வையுங்கள் என்று அங்குள்ள வானியலாளர்களிடம் நேரில் பேசினார். அவர்களில் ஒருவரான கெரார்ட் கைப்பர் ஆர்வம் காட்டினார். 1959-ல் யுர்கன் ஸ்டாக் என்ற ஜெர்மானிய வானியலாளர் இடம் பார்க்க அனுப்பப்பட்டார். சில மாதங்களில் முடியவேண்டிய வேலை வருடக்கணக்கில் நீண்டது. சாலையே இல்லாத மலைகளில் உள்ளூர் ஆட்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, குதிரையிலும் கோவேறு கழுதையிலும் சிறிய தொலைநோக்கியை ஏற்றிக்கொண்டு, சிகரம் சிகரமாக ஏறி, ஒவ்வொன்றிலும் இரவு தங்கிக் காற்று எவ்வளவு அசைகிறது என்று அளந்தார். கடைசியில் 1962-ல் லா செரேனா நகரத்துக்குக் கிழக்கே, சுமார் 2,200 மீட்டர் உயரமுள்ள செர்ரோ தொலோலோ மலை தேர்ந்தெடுக்கப்பட்டது, 1967-ல் ஆய்வகம் முறையாகத் திறக்கப்பட்டது. ஸ்டாக் அதன் முதல் இயக்குநரானார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் ருட்லாண்ட். வானம் தன்னால் யாரையும் அழைப்பதில்லை, இவர் போய் அழைத்தார்.

அதே நேரத்தில் ஐரோப்பியர்களும் தெற்கே ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, சுவீடன் என்று ஐந்து நாடுகள் சேர்ந்து 1962-ல் ஐரோப்பியத் தெற்கு வானாய்வகம் என்ற அமைப்பைத் தொடங்கின. அவர்கள் முதலில் பல வருடங்கள் சோதித்தது தென்னாப்பிரிக்காவை. ஸ்டாக் அளந்துவைத்திருந்த சிலி மலைகளின் எண்களைப் பார்த்ததும் முடிவு மாறியது. 1963 நவம்பரில் சிலி அரசோடு ஒப்பந்தம் கையெழுத்தானது, அடுத்த வருடம் லா சில்லா மலை தேர்வானது, 1969-ல் திறப்பு விழா நடந்தது. அமெரிக்காவின் கார்னகி நிறுவனமும் பக்கத்திலேயே லாஸ் கம்பானாஸ் மலையில் இடம் பிடித்தது. சோவியத் நாட்டினரும் வந்தார்கள், சாண்டியாகோவுக்கு அருகே எல் ரோப்ளே மலையில் அவர்களுடைய தொலைநோக்கி ஒன்று நின்றது. 1973-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவர்கள் வெளியேறவேண்டியதாயிற்று. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்தில் இரண்டு தரப்பும் ஒரே நாட்டின் மலைகளில் உட்கார்ந்து ஒரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஒன்று வந்த இடத்துக்கு அடுத்தது வருவது எளிது. சாலை போட்டாயிற்று, மின்சாரம் வந்தாயிற்று, கண்ணாடிக்கு அலுமினியம் பூசத் தெரிந்த ஆட்களும் இரவு முழுக்கத் தொலைநோக்கியை ஓட்டத் தெரிந்த ஆட்களும் பக்கத்து ஊர்களிலேயே உருவாகிவிட்டார்கள். தொலோலோவுக்குப் பக்கத்து மலையான பச்சோனில் 8.1 மீட்டர் ஜெமினி தெற்குத் தொலைநோக்கி வந்தது. பரனாலில் 8.2 மீட்டர் கண்ணாடி கொண்ட நான்கு தொலைநோக்கிகள் வரிசையாக நிற்கின்றன, முதலாவது 1998-ல் ஒளியைப் பார்த்தது. அவற்றின் பெயர்கள் அந்து, குயேன், மெலிபால், யேபுன். சிலியின் பழங்குடிகளான மபுச்சே மக்களின் மொழியில் சூரியன், நிலா, தென்சிலுவை, வெள்ளி. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி வைத்துத்தான் இந்தப் பெயர்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள்.

பத்து சதவீதம்

இப்போது நான் முதலில் சொன்ன மீதிப் பாதிக்கு வருகிறேன். வெளிநாட்டு ஆய்வகங்களுக்கு சிலி கொடுத்தது கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு சர்வதேச அமைப்புக்குத் தரும் சட்டப் பாதுகாப்பு, இறக்குமதி வரி விலக்கு, நிலம். பரனாலைச் சுற்றி 725 சதுர கிலோமீட்டர் நிலத்தை 1988-ல் ஐரோப்பிய அமைப்புக்கு சிலி அரசு நன்கொடையாகவே கொடுத்தது. தொலைநோக்கி நிற்க ஒரு மலையுச்சி போதுமே, எதற்கு இவ்வளவு என்று தோன்றும். பக்கத்தில் சுரங்கமோ ஊரோ வந்து வெளிச்சமும் புழுதியும் கிளப்பக் கூடாது என்பதற்காகத்தான்.

பதிலுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி 1990-களின் தொடக்கத்தில் சிலிக்குள் உரக்க எழுந்தது. ராணுவ ஆட்சி முடிந்து மக்களாட்சி திரும்பியிருந்த நேரம். பரனால் நிலம் எங்களுடையது என்று ஒரு குடும்பம் வழக்குப் போட்டது. ஆய்வகத்தில் வேலை செய்யும் சிலி நாட்டவர்களுக்கு நாட்டின் தொழிலாளர் சட்டம் பொருந்தாதா என்று கேட்டார்கள். எங்கள் மலையில் இருக்கும் கருவியில் எங்கள் வானியலாளர்களுக்கு உறுதியான இடம் எங்கே என்றும் கேட்டார்கள். இழுபறிக்குப் பிறகு 1995-ல் பழைய ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதினார்கள். அதன்படி உள்ளூர் ஊழியர்களின் உரிமைகள் ஒப்புக்கொள்ளப்பட்டன, தொலைநோக்கி நேரத்தில் 10 சதவீதம் வரை சிலியின் வானியலாளர்களுக்கு ஒதுக்கப்பட்டது.

இந்தப் பத்து சதவீதம் ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய, தொலைநோக்கியில் நேரம் எப்படிக் கிடைக்கிறது என்று தெரியவேண்டும். விரும்பியவர் போய்ப் பார்க்க முடியாது. எந்தப் பொருளை, எத்தனை மணி நேரம், எதற்காகப் பார்க்கவேண்டும் என்று விண்ணப்பம் எழுதவேண்டும், ஒரு குழு படித்துத் தேர்ந்தெடுக்கும். இருக்கும் நேரத்தைப் போலப் பல மடங்கு நேரத்துக்கு விண்ணப்பங்கள் குவியும், பெரும்பாலானவை திரும்பிவிடும். நேரம் இல்லையென்றால் தரவு இல்லை, தரவு இல்லையென்றால் ஆய்வுக் கட்டுரை இல்லை, மாணவர்களும் வரமாட்டார்கள். இந்த வரிசையின் தொடக்கத்தில் சிலி தனக்கென்று ஒரு கதவை வாங்கிக்கொண்டது. ஒரு தொலைநோக்கிக்கு வருடத்துக்கு சுமார் 36 இரவுகள், அதில் சிலியின் ஆய்வாளர்கள் தங்களுக்குள் மட்டும் போட்டியிட்டால் போதும். பணமாகக் கேட்டிருந்தால் அது ஏதோ ஒரு வருட பட்ஜெட்டில் கரைந்து போயிருக்கும். நேரமாகக் கேட்டதால் ஒரு தலைமுறை வானியலாளர்கள் உருவானார்கள். சிலி எடுத்த முடிவுகளில் இதைத்தான் நான் மிகச் சிறந்ததாக நினைக்கிறேன், தன் மண்ணில் இருக்கும் எதையோ வெளியாருக்குத் திறந்துவிடும் எந்த நாடும் இதைப் படிக்கவேண்டும்.

பலன் கண்ணுக்குத் தெரிகிறது. மரியா தெரேசா ருயிஸ் 1997-ல் லா சில்லாவின் 3.6 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு, விண்மீனாக எரியும் அளவுக்கு எடை சேராத பழுப்புக் குள்ளன் ஒன்றைத் தனியாக மிதப்பதாகக் கண்டுபிடித்தார், மபுச்சே மொழியில் சிவப்பு என்று பொருள்படும் கேலு என்று பெயர் வைத்தார். அதே வருடம் சிலியின் தேசிய அறிவியல் பரிசு அவருக்குக் கிடைத்தது. இன்னொரு உதாரணம் அதைவிடப் பெரியது. 1990-களின் தொடக்கத்தில் ஹோசே மாசா, மாரியோ ஹாமுய் ஆகிய சிலி வானியலாளர்களும் தொலோலோவில் இருந்த மார்க் ஃபிலிப்ஸ், நிக்கலஸ் சன்ட்செஃப் ஆகியோரும் சேர்ந்து, ஒரு குறிப்பிட்ட வகை விண்மீன் வெடிப்புகளைத் தேடிப் பிடித்து, அவற்றின் ஒளியை வைத்துத் தூரத்தைக் கணிக்கும் முறையைக் கறாராக்கினார்கள். இந்த வகை வெடிப்பு, எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன வெள்ளைக் குள்ளன் விண்மீன் ஒன்று சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு எடையை நெருங்கும்போது நடக்கிறது. அந்த எல்லையைக் கணக்குப் போட்டுச் சொன்னவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1930-ல் கப்பலேறிப் போன சுப்ரமணியன் சந்திரசேகர், எல்லைக்கும் அவர் பெயர்தான். 1998-ல் பிரபஞ்சம் விரிவடையும் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று இரண்டு குழுக்கள் அறிவித்தபோது, இரண்டுமே அளவுகோலாக வைத்துக்கொண்டது சிலியில் சேர்த்த அந்தத் தரவைத்தான். 2011-ல் நோபல் பரிசு மூன்று பேருக்குப் போனது, அதில் சிலியர் யாரும் இல்லை. அந்த வருத்தம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

பெயர் வராத ஆட்களையும் சொல்லவேண்டும். 1987 பிப்ரவரியில் லாஸ் கம்பானாஸில் தொலைநோக்கியை இயக்கும் ஊழியராக வேலை பார்த்த ஆஸ்கார் துஹால்தே, இரவில் வெளியே வந்து வானத்தைப் பார்த்தபோது பெரிய மெகல்லன் மேகத்தில் வழக்கத்துக்கு மாறாக ஒரு புள்ளி இருப்பதை வெறும் கண்ணால் கவனித்தார். அதே இரவு அதே மலையில் இயன் ஷெல்டன் எடுத்த ஒளிப்படத் தகட்டிலும் அது பதிந்திருந்தது. 1604-க்குப் பிறகு வெறும் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த முதல் விண்மீன் வெடிப்பு அது. ஒவ்வொரு இரவும் அந்த வானத்தின் கீழே நடந்து பழகியவருக்குத்தான் அந்தப் புள்ளி புதிதென்று தெரியும்.

எல்லாம் சுமுகம் என்று சொல்லிவிட முடியாது. 2013-ல், ஆல்மா திறந்த அதே வருடம், உயரத்தில் வேலை செய்வதற்குக் கூடுதல் ஊதியம் கேட்டு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், ஆய்வகம் இரண்டு வாரத்துக்கு மேல் நின்றது. கருவிகளை வடிவமைப்பதும் கண்ணாடி வார்ப்பதும் இன்னும் பெரும்பாலும் வெளிநாடுகளில்தான் நடக்கின்றன, சிலியின் பல்கலைக்கழகங்கள் இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக அந்த வேலைக்குள் நுழைகின்றன.

இருட்டுக்கும் சட்டம்

இவ்வளவுக்கும் அடிப்படை இருட்டு. 1998-ல் சிலி அந்தோஃபகாஸ்தா, அட்டகாமா, கோகிம்போ என்ற மூன்று வட மாகாணங்களில் தெருவிளக்கு எப்படி இருக்கவேண்டும் என்று விதி கொண்டுவந்தது. வெளிச்சம் தரையைப் பார்த்து விழவேண்டும், வானத்தைப் பார்த்துச் சிதறக் கூடாது என்பதுதான் சாரம். எல்இடி விளக்குகள் வந்தபின் விதி போதவில்லை. நீலம் கலந்த வெள்ளை ஒளி காற்றில் அதிகம் சிதறும், மஞ்சள் ஒளியைவிட வானத்தை அதிகமாக வெளுக்கவைக்கும். அதனால் விதியைத் திருத்தினார்கள், 2024 அக்டோபர் முதல் புதிய விதி நாடு முழுவதற்கும் வந்தது. பறவைகள், பூச்சிகள், மனிதர்களின் தூக்கம் ஆகியவையும் காரணமாகச் சேர்க்கப்பட்டதால் இப்போது அது வானியலாளர்களுக்கு மட்டுமான விதியாக இல்லை. பரனாலில் இந்தக் கட்டுப்பாடு எவ்வளவு கறார் என்றால், ஊழியர்கள் தங்கும் விடுதியையே பாதி நிலத்துக்குள் புதைத்துக் கட்டியிருக்கிறார்கள், ராத்திரியில் திரையை மூடி உள் வெளிச்சம் துளியும் வெளியே போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஆனால் அதே பாலைவனத்தில்தான் செம்பும் லித்தியமும் இருக்கின்றன, உலகத்திலேயே அதிகமான சூரிய ஒளியும் அங்கேதான் விழுகிறது. 2024 டிசம்பரில் ஒரு மின் நிறுவனம் பரனாலுக்கு மிக அருகில், சில பகுதிகள் வெறும் 5 முதல் 11 கிலோமீட்டர் தூரத்தில் வரும்படியாக, 3,000 ஹெக்டேருக்கு மேல் பரவும் பசுமை ஹைட்ரஜன் (வெயில், காற்று மின்சாரத்தால் தயாராகும் எரிபொருள்) தொழில்வளாகம் ஒன்றுக்கு அனுமதி கேட்டது. ஐரோப்பிய வானாய்வகம் 2025 ஜனவரியிலேயே வெளிப்படையாக எதிர்த்தது. பரனாலுக்கு மேலே உள்ள வானத்தில் செயற்கை வெளிச்சம் குறைந்தது 35 சதவீதம் கூடும், புழுதியும் அதிர்வும் காற்றுக் கலக்கமும் சேர்ந்துகொள்ளும் என்று கணக்கோடு சொன்னது. இது நல்லவர் கெட்டவர் சண்டை கிடையாது. புதைபடிவ எரிபொருளைக் குறைக்கும் திட்டம் நமக்கு வேண்டியதுதான். ஆனால் ஹைட்ரஜன் ஆலையை அந்தப் பாலைவனத்தில் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி வைத்தாலும் அதே வெயில் அடிக்கும். இருட்டும் வறட்சியும் அசையாத காற்றும் ஒன்றாகச் சேர்ந்த மலை அப்படித் தள்ளி வைக்கக் கிடைக்காது, அதனால் நகரவேண்டியது எது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

ஏன் அவ்வளவு பதற்றம் என்றால், பரனாலிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டரில் அர்மசோனெஸ் என்ற மலை இருக்கிறது. அதன் உச்சியை 2014-ல் வெடிவைத்துத் தட்டையாக்கி, 39 மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கியைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய கண்ணாடியை ஒரே துண்டாக வார்க்க முடியாது, 798 அறுகோணத் துண்டுகளைச் சேர்த்து ஒன்றாக்குகிறார்கள். மற்ற விண்மீன்களைச் சுற்றும் பாறைக் கோள்களை நேரடியாகப் பார்ப்பதும் அவற்றின் காற்றில் என்ன இருக்கிறது என்று அறிவதும் அதன் இலக்குகளில் ஒன்று. இந்தப் பத்தாண்டின் இறுதியை ஒட்டி அது கண் திறக்கவேண்டும். லாஸ் கம்பானாஸிலும் 8.4 மீட்டர் கண்ணாடிகள் ஏழைச் சேர்த்து இன்னொரு ராட்சதத் தொலைநோக்கி எழுகிறது.

பச்சோன் மலையில் உள்ள வேரா ரூபின் ஆய்வகம் வேறு மாதிரி. யாரும் விண்ணப்பித்து ஒரு பொருளைப் பார்க்கும் கருவியாக அதை உருவாக்கவில்லை. 3,200 மெகாபிக்சல் கேமராவை வைத்துக்கொண்டு தெற்கு வானம் முழுவதையும் சில இரவுகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் படமெடுத்து, பத்து வருடத்தில் எது மாறியது, எது நகர்ந்தது, எது வெடித்தது என்று பதிவு செய்வதுதான் அதன் வேலை. சோதனையாகச் சுமார் பத்து மணி நேரம் எடுத்த படங்களிலேயே அதுவரை தெரியாத 2,104 குறுங்கோள்கள் சிக்கின. இங்கே பத்து சதவீத இரவு என்ற கணக்கு பொருந்தாது, ஏனென்றால் தனித்தனி இரவே கிடையாது. அதனால் சிலி இம்முறை தரவைக் கேட்டு வாங்கியிருக்கிறது, அமெரிக்க ஆய்வாளர்களுக்கு உள்ளதைப் போலவே சிலி ஆய்வாளர்களுக்கும் முழுத் தரவு உரிமை உண்டு. வானத்தில் ஏதாவது மாறினால் ரூபின் உடனே எச்சரிக்கை அனுப்பும், ஓர் இரவுக்கு லட்சக்கணக்கில். மனிதர்கள் உட்கார்ந்து பார்த்து முடியாது, இது விண்மீன் வெடிப்பா, குறுங்கோளா, கருந்துளை எதையாவது விழுங்கியதா என்று கணினி உடனடியாகப் பிரித்துச் சொல்லவேண்டும். அதற்காக உலகத்தில் சில குழுக்களைத்தான் தேர்ந்தெடுத்தார்கள், அதில் ஒன்று அலெர்சே, சிலியின் வானியலாளர்களும் கணினித் துறையினரும் சேர்ந்து சாண்டியாகோவில் கட்டியது. அதன் இணையப் பக்கம் பொதுவில் திறந்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய் நேற்றிரவு வானத்தில் எது புதிதாகத் தோன்றியது என்று பார்க்கலாம்.